ஒரு வெள்ளி பாக்கி

நான் கட்ட வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி. கடிதத்தில் அதை ரிங்கிட் என்று போட்டு, எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதியிருந்தார்கள். எண்ணை நம்பாதவன் எழுத்தையாவது நம்பட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. அதே தொகை மூன்று உறைகளில் வந்தது. மூன்றிலும் என் பெயர்தான்.

நான் ஒருவன்தான். ஆனால் கணக்குப்படி மூன்று பேர். அதற்குக் காரணம் என் கையெழுத்து.

நாங்கள் இருப்பது ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், ஆறு கடலில் சேருமிடத்துக்குக் கொஞ்சம் உள்ளே. முன்னால் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் கைமாறியபோது எங்களையும் சேர்த்துக் கைமாற்ற யாரும் கேட்கவில்லை. ஆற்றோரம் வந்து குடிசை போட்டோம். ஒன்பது குடும்பம். ஆண்கள் சதுப்புக் காட்டில் பாக்காவ் மரம் வெட்டினோம். தண்ணீர் ஏறும்போது சம்பான் படகில் உள்ளே போய், இறங்கும்போது சேற்றில் இறங்கி, வெட்டிய கட்டையைத் தோளில் வைத்து, இடுப்பு வரை புதைகிற சேற்றில் நடந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது வெளியே வர வேண்டும். கட்டைக்கு மூன்று வெள்ளி. கட்டை வாங்கும் முதலாளி தவுக்கே அதை எங்கே விற்றார், என்ன விலைக்கு விற்றார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் என் இரண்டு முட்டியும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் வேண்டும். எழுந்தால் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்தில்தான் காட்டை வெட்டக் கூடாது என்று சட்டம் இறுகியது. பிடித்தால் அபராதம். அதோடு ஈப்போவிலிருந்து ஒரு திட்டமும் வந்தது. காட்டை விடுங்கள், ஆடு வளருங்கள் என்றார்கள். வீட்டுக்கு நாலு பெட்டை ஆடு, பரண் போட்ட கொட்டகை, நேப்பியர் புல் நட விதைக்கரணை. எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு வெள்ளி, வட்டியில்லாக் கடன், மாசம் எண்பது.

திட்டத்து அதிகாரி ஜூடித். ஈப்போவில் புந்தோங் பக்கத்துப் பெண். பழைய காரில் கோப்புகளை ஏற்றிக்கொண்டு வருவாள். எங்களுக்கு மிஸ். அவள் போராங் படிவத்தை நீட்டியபோது மற்றவர்கள் எல்லாரும் பயந்து பயந்து கைநாட்டு வைத்தார்கள். நான் மட்டும் பேனா கேட்டேன். என் மனைவி மங்களம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நாட்காட்டி முதுகில் எழுதிக் கொடுத்து, ஐம்பத்தோராவது வயதில் எனக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தாள். அதை எழுதிக் காட்ட அதுவரை ஓர் இடம் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்தது. கோடு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் போட்டேன். பக்கம் திருப்பியும் போட்டேன்.

ஒரு கோடு கடன் வாங்குகிறவனுக்கு. இன்னொன்று ஜாமீனுக்கு. மூன்றாவது சாட்சிக்கு. இதை ஜூடித்தும் கவனிக்கவில்லை. அவள் ஒன்பது வீட்டு ஆட்டை லோரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

பதினேழு மாசம் ஒழுங்காகக் கட்டினேன். ஆட்டுப்பாலும், மங்களம் அரைத்து விற்ற தோசை மாவும் சேர்ந்து எண்பதைத் தள்ளிவிட்டன. பிறகு பால் வற்றியது. பால் வற்றினால் ஆடு மறுபடி சினையாக வேண்டும், சினையாகக் கிடா வேண்டும். கிடாயைத் திட்டமே கொண்டுவரும், அடுத்த மாசம் வரும் என்று ஜூடித் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அடுத்த மாசம் மட்டும் வரவில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் பேக்டரி வேலைக்குப் போய்க் கடனைக் கட்டினார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, முட்டியும் இல்லை.

ஆனால் ஒரு கிடா இருந்தது. எங்களுக்கு வந்த நாலு பெட்டையில் ஒன்று வரும்போதே சினை. அது ஒரே ஒரு குட்டி போட்டது. ஆண். இரண்டு குட்டிக்கான சாப்பாட்டை ஒருவனாகத் தின்று வளர்ந்தான். காது தொங்கித் தரையைத் தொடப் பார்க்கும். மூக்கு வளைந்து, பார்வையில் தோட்டத்துப் பழைய மானேஜர் மாதிரி இருப்பான். தாயோடும் சித்திகளோடும் சேர விடாதீர்கள், ரத்த உறவு ஆகாது என்று ஜூடித் சொன்னதால் தனியாகக் கட்டிப் போட்டிருந்தேன். கத்திக்கொண்டே இருப்பான். ஆறு தாண்டிக் கேட்கும்.

முதல் மூன்று உறையும் வந்த அன்றைக்கு மங்களம் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்று மாசத்தில் கட்டாவிட்டால் ஆட்டையும் கொட்டகையையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. படித்து முடித்து மடித்து வைத்தாள். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆடு போனால் எனக்கு இருக்கிற ஒரே வழி சேறுதான். தவுக்கே போன வாரம்தான் ஆள் விட்டிருந்தார், "பத்துமலை, ராத்திரி ராத்திரியா வெட்டிக் குடு, யாரும் பாக்க மாட்டான்லா" என்று. இந்த முட்டியோடு சேற்றில் இறங்கினால் தண்ணீர் ஏறும்போது என்னை யார் தூக்குவது?

மலாய்க்காரர்கள் இருக்கும் கம்போங்கில் ஹாஜி ரம்லி வீட்டுக்குப் போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்க நல்ல கிடா தேடுகிறார் என்று தெரியும். அவர் வந்து பார்த்திருக்கிறார், தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் பேசினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். கடன் போக அறுபது வெள்ளி மிச்சம். வருகிற வழியில் நான் பாட்டுக் கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

வீட்டு வாசலில் மங்களம் ஈரத் தலையோடு நின்றாள். நெற்றி முழுக்கத் திருநீறு. கிடாயின் கழுத்தில் மஞ்சள் துணி.

"என்னடி இது?"

"நேர்ந்து விட்டுட்டேங்க."

"யாருக்கு?"

"முனியாண்டி ஐயாவுக்கு. படகுத்துறை ஜெட்டி கோயிலுக்குப் போயி, குளிச்சி முழுகி, கையெடுத்துச் சொல்லிட்டேன். ஐயா, இந்தக் கடனோட கடைசி வெள்ளியக் கட்டுற அன்னிக்கு இந்தக் கிடாய உனக்கு வெட்டுறேன்னு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, கடனக் கட்டணும்னா இந்தக் கிடாயத்தானே விக்கணும்?"

"ஐயாவுக்கு நேர்ந்தத எப்படி விக்கிறது?"

"விக்காம எப்படிக் கட்டுறது?"

"அதுக்குத்தானே ஐயாகிட்ட சொல்லியிருக்கேன்."

"கட்டினா வெட்டணும். வெட்டணும்னா கட்டணும். கட்டணும்னா விக்கணும். வித்துட்டா எத வெட்டுவ? என்னையா?"

மங்களம் கொஞ்சம் யோசித்தாள். "ஐயா பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

கோயில் பூசாரி ஜெயபாலன், எங்கள் ஒன்பது குடும்பத்தில் ஒருவர். பகலில் பாமாயில் ஆலையில் காவல்காரர். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, சீருடைச் சட்டையைக் கழற்றாமலே வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நேர்த்தியை மாற்ற முடியுமா, கிடாய்க்குப் பதில் சேவல் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"அண்ணே, கோயிலு என்ன கடையா, சாமான மாத்திக் குடுக்க?" என்றார். "நேர்த்திக்கடன்ல வார்த்தைதான். அக்கா என்ன வார்த்தை சொன்னாங்க?"

"கடைசி வெள்ளியக் கட்டுற அன்னிக்குன்னு."

"அப்ப கட்டுற அன்னிக்கு வெட்டணும். அதுவரைக்கும் அது ஐயாவோட ஆடு. கட்டிப் போடக் கூடாது. அடிக்கக் கூடாது. எங்க போனாலும் தடுக்கக் கூடாது."

"அப்ப நான் யாரு?"

"நீங்க புல்லுப் போடுற ஆளு."

அவிழ்த்து விட்டேன். ஒன்றரை வருஷம் கட்டிக் கிடந்தவன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு லூர்துசாமி தோட்டத்தைப் பார்த்து நடந்தான்.

லூர்துசாமி பக்கத்து வீட்டுக்காரன். என்னோடு சேற்றில் கட்டை சுமந்தவன். பயத்தங்காய்ப் பந்தலும் கீரையும் போட்டிருந்தான். ஒரு வாரத்தில் பந்தல் மட்டும் இருந்தது.

"பத்து, உங்க சாமி ஆடு என் கீரைய மேயுதுடா!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவான்.

"ஒரு அடி போடேன்."

"நான் மாதா கோயிலுக்குப் போறவன். உங்க முனியாண்டிகூட எனக்கு என்ன வம்பு? நீ போடு."

"நான் புல்லுப் போடுறவன்தானாம்."

இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கிடா மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மேய்ந்து முடித்ததும் கிடா லூர்துசாமியின் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவான். அங்கே என்ன செய்கிறான் என்று நாங்கள் கவனிக்கவில்லை. சாமி ஆடு எங்கே போனால் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். ஒன்பது வீட்டிலும் அப்படியே.

மாசம் தவறாமல் மூன்று உறை வந்தது. கடனாளிக்கு வந்ததில் மிரட்டல் இருந்தது. ஜாமீனுக்கு வந்ததில் மரியாதை இருந்தது. 'தாங்கள் பொறுப்பேற்ற நபருக்குத் தக்க அறிவுரை கூறவும்' என்று தமிழிலேயே போட்டிருந்தார்கள். எனக்கு இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. பதில் போடாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. நான் சொன்னதை மங்களம் ஒரு தாளில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து எழுதினேன்.

'வணக்கம். ஜாமீன்தாரர் பத்துமலை எழுதுவது. தாங்கள் சொன்னபடி கடனாளி பத்துமலையிடம் பேசினேன். ஆள் நாணயமானவர். இருபது வருஷத்துக்கு மேல் எனக்குத் தெரியும். கையில் காசு இல்லை. முட்டி சரியில்லாததால் ஓடிப் போக மாட்டார். மேற்கொண்டு நானும் அவரை விட மாட்டேன்.'

சாட்சிக்கு வந்ததற்கும் போட்டேன்.

'மேற்படி இருவரும் பேசிக்கொண்டதை நான் கூட இருந்து பார்த்தேன். சண்டை எதுவும் இல்லை. சாட்சி, பத்துமலை.'

பத்து நாளில் ஜூடித்தின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே கையில் என் கடிதங்கள்.

"அங்கிள், இதென்ன?"

"பதில் மிஸ். எழுத்து நல்லா இருக்கா?"

"எழுத்து நல்லாதான் இருக்கு. ஆபீஸே சிரிச்சிச்சு, மானேஜரத் தவிர. நீங்க எத்தன எடத்துல சைன் பண்ணிருக்கீங்க தெரியுமா?"

"கோடு இருந்த எடத்துல எல்லாம்."

அவள் கொட்டகைப் படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள். "அங்கிள், இது வெளையாட்டு இல்ல. வேற ஆள் ஜாமீன் போட்டிருந்தா அவர்கிட்ட கேட்டு டைம் வாங்கியிருப்பேன். இப்ப நான் யார்கிட்ட கேக்குறது? இந்த மாசக் கடைசியில ஆட்டப் புடிக்க லோரி வருது. என்னால நிறுத்த முடியாது."

நல்ல பிள்ளை. நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது. சேறு பளபளவென்று, வா வா என்கிற மாதிரி கிடந்தது.

அந்த நேரத்தில் கிடா பின்னால் வந்து அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவித் தின்றது. என்ன தாள் என்று பார்த்தோம். என்னுடையது இல்லை.

மாசக் கடைசியில் லோரி வந்தது. கூடவே ஜூடித்தும், ஒரு மாட்டு டாக்டரும். ஒன்பது வீட்டு ஆட்டையும் சோதித்து எழுதிக்கொண்டு, பிறகு என்னுடையதை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் நாலு பெட்டையையும் குளிப்பாட்டி வைத்திருந்தேன். போகிற இடத்தில் நம்மைக் குறை சொல்லக் கூடாது.

டாக்டர் லூர்துசாமி கொட்டகையில் ஆரம்பித்தார். சின்னப் பெட்டி ஒன்றை ஆட்டின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். "சினை" என்றார். அடுத்ததும் சினை. மூன்றாவதும். நாலாவதில் ரெட்டைக் குட்டி.

ஜூடித் லூர்துசாமியைப் பார்த்தாள். "அங்கிள், கிடா எங்கேர்ந்து புடிச்சீங்க? திட்டத்துக் கிடாயே இன்னும் வரலயே?"

"மாதா மேல சத்தியமா நான் எங்கயும் புடிக்கலம்மா. வேலி போட்டுப் பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

அடுத்த வீட்டிலும் நாலும் சினை. அதற்கடுத்த வீட்டில் மூன்று. டாக்டர் வீடு வீடாகப் போகப் போக ஊரே பின்னால் நடந்தது. எட்டு வீட்டில் முப்பத்திரண்டு ஆடு, அதில் முப்பது சினை. என் கொட்டகைக்கு வந்தார். நாலும் காலி. ரத்த உறவு என்று நான்தான் பூட்டி வைத்திருந்தேனே.

"அப்ப அப்பன் யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

எல்லார் கண்ணும் ஒரு பக்கமே போனது. கழுத்தில் மஞ்சள் துணியோடு, லோரி டயரில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, டிரைவர் வைத்திருந்த வாழைப்பழத்தைச் சாமி ஆடு தின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி" என்றான் லூர்துசாமி. "கீரைக்கு வந்தான்னுல்ல நெனச்சேன்."

டாக்டர் கிடாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார். ஜூடித்தைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் காரிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினாள். முகம் மாறியது.

"பத்துமலை அங்கிள், இங்க வாங்க. திட்டத்துல கிடாய்க்குன்னு காசு ஒதுக்கியிருக்கு. ஒரு ஆடு சினையானா கிடா வச்சிருக்கவருக்கு அறுபது வெள்ளி. கிடாயே வராததால அந்தக் காசு அப்படியே கெடக்கு. வருஷக் கடைசிக்குள்ள செலவு பண்ணலன்னா மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பணும்."

"அதுக்கு நான் என்ன மிஸ் பண்ண?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க கிடா பண்ணிருச்சு. முப்பது ஆடு, ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. உங்க கடன்ல கழிச்சிக்கலாம். மிச்சம் நாப்பது."

ஊரே கைதட்டியது. லூர்துசாமி விசில் அடித்தான். எனக்குச் சந்தோஷத்தில் முட்டி வலி கூடத் தெரியவில்லை. உள்ளே ஓடி (ஓடினேன் என்றுதான் நினைவு) மைலோ டின்னைக் கவிழ்த்து நாற்பது வெள்ளி எடுத்து வந்தேன். பத்து வெள்ளித் தாள் இரண்டு, அஞ்சு வெள்ளித் தாள் மூன்று, மீதி ஒரு வெள்ளித் தாள்கள்.

ஜூடித் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தபடியே சொன்னாள். "இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கிள். பக்கத்துக் கம்போங்லயும் திட்டம் ஆரம்பிக்கப் போகுது. அங்கயும் கிடா வேணும். தலைக்கு அறுபது. நீங்க உக்காந்த எடத்துலயே சம்பாதிக்கலாம். சேத்துல எறங்கவே வேணாம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கிடாயைப் பார்த்தேன். பிறகு ஆலையிலிருந்து இடைவேளைக்கு வந்து கூட்டத்தில் நின்ற பூசாரி ஜெயபாலனைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

கடைசி வெள்ளியைக் கட்டுகிற அன்றைக்கு.

கட்டாவிட்டால் லோரி. கட்டினால் அரிவாள். இரண்டில் எது நடந்தாலும் நான் மறுபடி சேற்றில். நாற்பது வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜூடித் பேனாவோடு காத்திருந்தாள். அங்கே நேர்த்தி விஷயம் தெரியாதவர்கள் அவளும் டாக்டரும் டிரைவரும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் மங்களத்தைப் பார்த்தார்கள்.

மங்களம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்த காசை வாங்கி எண்ணினாள். அதிலிருந்து ஒரே ஒரு வெள்ளித் தாளை உருவி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதியை ஜூடித்திடம் நீட்டினாள்.

"இந்தாங்க மிஸ். முப்பத்தொம்பது."

"ஆன்ட்டி, ஒரு வெள்ளி கொறையுது."

"தெரியும் மிஸ். அது இருக்கட்டும்."

"ஒரு வெள்ளிதானே, இப்பவே கட்டிட்டா…"

"அந்த ஒரு வெள்ளி எங்ககிட்ட இல்ல மிஸ்."

"இப்பத்தானே இடுப்புல வச்சீங்க?"

"அது வேற வெள்ளி" என்றாள் மங்களம்.

ஜூடித் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் முப்பத்தொன்பதுக்கு ரசீது எழுதினாள். ஒரு வெள்ளி பாக்கிக்கு ஆடு பிடித்தால் லோரிக்கு எண்ணெய்க் காசு கூட வராது என்று டிரைவரே சொல்லிவிட்டார். லோரி காலியாகத் திரும்பியது.

அன்று மாலை ஜெயபாலன் வந்தார். மங்களம் அவரை நேருக்கு நேர் கேட்டாள்.

"கடைசி வெள்ளி கட்டியாச்சா?"

"இல்லக்கா."

"அப்ப?"

ஜெயபாலன் சீருடைச் சட்டையின் பொத்தானைத் திருகினார். "வார்த்தைப்படி பாத்தா இன்னும் நேரம் வரல" என்றார். அவர் வீட்டு ஆடு நாலும் சினை.

அதன் பிறகுதான் தொல்லை. மாசா மாசம் மூன்று உறை வந்தது. 'தாங்கள் செலுத்த வேண்டிய பாக்கி ரிங்கிட் ஒன்று மட்டும்.' எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை. மூன்று உறைக்கும் ஒட்டிய தபால் தலை ஒரு வெள்ளிக்கு மேலே இருக்கும். ஜாமீன்தாரராக நான் பதில் போட்டேன்: 'கடனாளியிடம் மறுபடி பேசினேன். மனம் இருக்கிறது. சூழ்நிலை இல்லை.' சாட்சியாகவும் போட்டேன்: 'சூழ்நிலை இல்லாததை நேரில் பார்த்தேன்.'

குட்டிகள் பிறந்தன. எட்டு வீட்டிலும் தொங்கும் காது, வளைந்த மூக்கு, மானேஜர் பார்வை. பக்கத்துக் கம்போங்கிலிருந்து கிடாயைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளும் வண்டியும் வந்தன. சாமி ஆடு கட்டாமல், அடிக்காமல், தானாக ஏறிப் போய்த் தானாக இறங்கி வந்தது. ஹாஜி ரம்லி கூடத் தன் இரண்டு பெட்டையைக் கொண்டுவந்தார். "குர்பானுக்குக் குடுத்திருந்தா ஒரு நாள் கறி. இப்ப வருஷா வருஷம் குட்டி" என்று எனக்கே சொன்னார். எனக்கு மாசம் இருநூறு, முந்நூறு என்று வந்தது. தவுக்கேயின் ஆள் ஒரு நாள் வந்து கொட்டகையைப் பார்த்தான், கிடாயைப் பார்த்தான், வந்த வழியே போய்விட்டான்.

ஒரு நாள் மதியம் ஜூடித் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அங்கிள், கணக்குத் தணிக்கை வருது. உங்க ஒரு வெள்ளியால என் ஃபைல் மூட முடியல. மானேஜர் தெனமும் கேக்குறார். சும்மா சும்மா காரணம் எழுத முடியல. விடுங்க, நானே போட்டுக் கட்டிடுறேன்."

கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளித் தாளை எடுத்தாள். ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்தாள். பேனா முனை தாளைத் தொட்டது.

"மிஸ்! வேணாம்!"

நான் கத்தினேன். மங்களம் மாவுக் கையோடு ஓடி வந்தாள். லூர்துசாமி வேலியைத் தாண்டி வந்தான். தாண்டும்போது வேலியும் கூடவே வந்தது. "மிஸ், எழுதாதீங்க! கைய எடுங்க மிஸ்!" என்று நாலு வீட்டுக்காரர்கள் நாலு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். லூர்துசாமி பேனாவையே பிடுங்கிவிட்டான். ஜூடித் பயந்து எழுந்து படியின் மேல் ஏறி நின்றாள்.

"என்ன அங்கிள்? என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? நான் உதவிதானே செய்றேன்?"

"நீங்க உதவி செஞ்சா ஆடு செத்துரும் மிஸ்" என்றேன்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னோம். மங்களம் நேர்ந்ததை, பூசாரி சொன்னதை, இடுப்பில் செருகிய வெள்ளியை. ஜூடித் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள், மறுபடி வந்தது. படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிடா வந்து அவள் கையிலிருந்த ஒரு வெள்ளியை முகர்ந்தது. அவள் சட்டென்று அதைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கட்டுற அன்னிக்குன்னு சொன்னீங்களா, கடன் தீர்ற அன்னிக்குன்னு சொன்னீங்களா?"

"கட்டுற அன்னிக்கு. கடைசி வெள்ளியக் கட்டுற அன்னிக்கு. ஐயா சத்தியமா அதான் வார்த்தை."

ஜூடித் பேனாவை லூர்துசாமியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். "சரி. நான் பாக்குறேன்" என்றாள். ஐயா பாத்துப்பாரு என்று மங்களம் சொன்ன அதே மாதிரி இருந்தது.

அடுத்த மாசம் மூன்று உறை வரவில்லை. ஒரே உறை. ஜூடித்தே கையில் கொண்டுவந்தாள். கடிதம் மலாயில் இருந்தது. ஜூடித் கொட்டகை முன்னால் நின்று உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். பாக்கி ஒரு வெள்ளியை வசூலிக்க இதுவரை ஆன தபால் செலவு இருபத்தெட்டு வெள்ளி. கடனாளிக்கு மனம் இருந்தும் சூழ்நிலை இல்லை என்று ஜாமீன்தாரரும் சாட்சியும் தொடர்ந்து எழுத்து மூலம் உறுதி செய்திருக்கிறார்கள். ஆகவே மேற்படி ஒரு வெள்ளியை இனி வசூலிக்க முடியாது என்று தீர்மானித்து, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்கிறோம். கோப்பு மூடப்பட்டது.

ஜெயபாலன் ஆலைக்குப் போகிற வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"தள்ளுபடின்னா கட்டலதானே?" என்று லூர்துசாமி கேட்டான்.

"கட்டல."

"இனிமே கட்டணும்னு போனா?"

"வாங்க மாட்டாங்க" என்றாள் ஜூடித். "கணக்கே இல்ல."

ஜெயபாலன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிடாயைப் பார்த்தார். அதற்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்த தன் வீட்டுக் குட்டிகளைப் பார்த்தார். "அப்ப ஐயா அவர் ஆட்ட இங்கயே மேய விட்டிருக்காருன்னு வச்சிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி மோட்டாரைக் கிளப்பினார்.

கடிதம் கிடைத்ததற்குக் கையெழுத்துக் கேட்டாள் ஜூடித். தாளில் மூன்று கோடு இருந்தது. முதல் கோட்டில் நான் போட்டேன். பேனா இரண்டாவது கோட்டுக்குத் தானாக நகர்ந்தது.

"அங்கிள்!"

நிறுத்திக்கொண்டேன். இரண்டாவதில் மங்களம் போட்டாள், என்னுடையதை விட அழகாக. மூன்றாவதில் லூர்துசாமி கட்டை விரலை அழுத்தினான்.

மறுநாள் காலையில் மங்களம் குளித்து முழுகி, ஒரு சிவப்புச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெட்டிப் பக்கம் கிளம்பினாள்.

"அதான் தள்ளுபடி ஆயிருச்சே, சேவல் எதுக்குடி?" என்றேன்.

"ஐயாகிட்ட ரெண்டு வருஷம் தவணை வாங்கியிருக்கோம்ல" என்றாள். "இது வட்டி."